மெழுகு மூக்கும் கரையும் ஜெல்லும்

கிளாடிஸ் டீக்கனுக்கு அப்போது 22 வயது. ஐரோப்பியப் பிரபுக்கள் வாய்பிளந்து பார்த்த அமெரிக்க அழகி. நெற்றியிலிருந்து மூக்கு நுனிவரை கிரேக்கச் சிலைபோல ஒரே கோடாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டு, 1903-இல் மூக்குத்தண்டில் பாரஃபின் மெழுகை ஊசியால் ஏற்றிக்கொண்டார். மெழுகு அங்கேயே நிற்குமா? நாளடைவில் கீழிறங்கி முகத்தையே கெடுத்தது. 1921-இல் மார்ல்பரோ கோமகள் பட்டம் வந்தது. பழைய முகம் வரவில்லை.

அன்று இதற்கு மருந்து கிடையாது. மெழுகைச் சுற்றித் திசு கட்டிதட்டிவிடும். கத்திதான் வழி, அதுவும் அரைகுறை வழி.

இன்று உதட்டிலும் கன்னத்திலும் போடும் ஃபில்லர்களில் பெரும்பாலானவை ஹயலூரானிக் அமில ஜெல். ஹயலூரானிடேஸ் என்ற நொதி அதைக் கரைத்துவிடும். அவசரத்தில் உயிர்நாடியே அதுதான். ஜெல் ரத்தக்குழாயை அடைத்தால் தோல் வெளுக்கும், பிறகு வலைபோல் நீலம் படரும், விரலால் அழுத்தி எடுத்தால் நிறம் திரும்பத் தாமதமாகும். வலிக்கட்டும் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. மரத்துப்போகும் மருந்து வலியை மறைக்கலாம். நொதியைத் தாராளமாக, நிறம் திரும்பும்வரை மறுபடி மறுபடி செலுத்துகிறார்கள். ஐஸ் ஆகாது, வெதுவெதுப்பான ஒத்தடம்தான். பார்வை மங்கினால் கண் மருத்துவரிடம் ஓட இருப்பது நிமிடங்களே.

வாரங்கள் கழித்துச் சிவந்து எழும் கட்டி வேறு கதை. கிருமி இருக்கலாம், ஆன்டிபயாடிக் தேவைப்படும்.

உள்ளே போனது சிலிகான் என்றால் ஹயலூரானிடேஸ் அதைத் தொடக்கூட முடியாது. ஊசி போட்டவரிடம் மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் கேட்டு வாங்கி வைத்திருந்தால், சிகிச்சை தரும் மருத்துவர் இருட்டில் துழாவ வேண்டியதில்லை.