துப்பாக்கி போய் பைனாகுலர் வந்தது

1938 நவம்பர் 12. ராஜஸ்தானின் பரத்பூர் சதுப்பில் வைஸ்ராய் லின்லித்கோவுக்கு வேட்டை விருந்து. அன்று ஒரே நாளில் சுட்டு வீழ்த்தியவை 4,273 பறவைகள்! கணக்கைக் கல்லில் வேறு பொறித்து வைத்தார்கள்.

நண்பர்கள், மச்சான்மார் கூடிப்போகும் வாத்து வேட்டைக்கெல்லாம் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது பூட்டு. சுடுவது மட்டுமல்ல, கண்ணி வைப்பதும், கூட்டிலிருந்து முட்டை எடுப்பதும் வேட்டைதான். வாத்துக்கறிதான் ஆசையென்றால், அறுப்பு முடிந்த வயலில் தாரா மேய்ப்பவர்களிடம் கேட்கலாம்.

சுடாமல் பறவை பார்க்க, சூலக்கரை ஊர்க்காரர்கள் நாலுவழிச் சாலையைப் பிடித்துத் தெற்கே போனால், நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம். வெள்ளைத் தலையில் இரண்டு கருங்கோடு போட்ட வரித்தலை வாத்து குளிர்காலத்தில் அங்கே இறங்கும். இமயமலையைத் தாண்டி வரும் பறவை. 7,000 மீட்டருக்கு மேலே பறந்ததை ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். ஊருக்குள் வீட்டு மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டும். யாரும் விரட்டுவதில்லை.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி 1977 முதல் சரணாலயம். பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. சிவகாசிக்கு நஷ்டம்தான், என்ன செய்ய!

தூரம் போக முடியாதவர்களுக்குப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. 2015 முதல் நடக்கிறது. மைத்துனர், பிள்ளைகளோடு பக்கத்துக் கண்மாய்க்கரையில் 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை இ-பேர்ட் செயலியில் ஏற்றினால் போதும்.