ஒரு கோடு அதிகம்!

சேலத்திலிருந்து நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர் சொச்சம். நாலு வழிச் சாலையில் தாராளமாகப் போனாலே ஒரு மணி நேரம்தான். எங்களுக்கு ஆனது மூன்றரை மணி நேரம். காரணம், ஒரே ஒரு கோடு. தலையெழுத்துக் கோடு இல்லை சார்... ரப்பர் கோடு!

2016 ஆவணி மாசம். ஞாயிற்றுக்கிழமை. என் ஆபீஸ் நண்பனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். மாப்பிள்ளை, அவன் அம்மா, அப்புறம் காருக்குச் சொந்தக்காரன், டிரைவர், இந்தக் கதையின் குற்றவாளி என்று மூன்று வேடத்தில் அடியேன். ''பத்தரைக்குள்ள வந்துடுங்க, அதுக்கு மேல நேரம் சரியில்லீங்க'' என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்கே புறப்பட்டாச்சு.

சீலநாயக்கன்பட்டியைத் தாண்டியதும் ஊர் விலகிக் காடு தோட்டம் வந்துவிடுகிறது. இடது பக்கம் ஜருகுமலை. மல்லூர் தாண்டினால் வரிசையாக மரவள்ளித் தோட்டங்கள். சேகோ மில் களங்களில் வெள்ளை வெளேரென்று மாவு காய்கிறது. ஜவ்வரிசி விற்பதற்கென்றே 1981-ல் சேலத்தில் 'சேகோசர்வ்' என்று ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். நீள நீளமாகக் கோழிப்பண்ணைக் கொட்டகைகள். எதிரே முட்டை லாரி, கேஸ் டேங்கர், திருச்செங்கோட்டு போர்வெல் வண்டி. வானம் பார்த்த பூமி, மழையை நம்பிப் பலனில்லை என்று சக்கரத்தை நம்பிய ஜனங்கள். லாரிக்கு பாடி கட்டணும்னா எங்கெங்கிருந்தோ நாமக்கல்லுக்குத்தான் வருகிறார்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். இந்தப் பக்கம் பாதி உலகம் பெல்ட்டில்தான் சுற்றுகிறது! தறிப் பட்டறை மோட்டாருக்கு பெல்ட். கோழித்தீவன அரவை மில்லுக்கு பெல்ட். ரோட்டோரக் கரும்பு ஜூஸ் மெஷினுக்கு பெல்ட். அந்த ஜில்லாவில் அன்றைக்கு பெல்ட் பற்றி ஒன்றும் தெரியாத ஒரே ஜீவன் நானாகத்தான் இருந்திருப்பேன்.

ஆண்டகளூர் கேட் தாண்டியதும் பானெட்டுக்குள் 'கீ...ச்' என்று ஒரு சத்தம். ''குருவி ஏதாச்சும் உள்ள போயிடுச்சாடா?'' என்றான் மாப்பிள்ளை. அடுத்த நிமிஷம் 'டப்!' பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. டெம்பரேச்சர் முள் மேலே ஏற ஆரம்பித்தது. ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்தினேன். (அன்றைக்கு நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான் என்று பிற்பாடு தெரிந்தது.)

பின் ஸீட்டிலிருந்து அம்மாவின் குரல். ''சகுனம் சரியில்லே. வண்டியைத் திருப்பிடலாம். நல்லது நடக்கற எடம்னா வழியிலேயே இப்படித் தடங்கல் வருமா?''

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் அந்த பெல்ட்டை வாங்கி மாட்டியவன் நான்தான். நாமக்கல்லில் ஒரு பெண் விடியற்காலையில் எழுந்து தலைக்குக் குளித்து, புடவை கட்டி, வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல் 'ராசி சரியில்லே' என்று ஒரு பட்டம் கட்டிவிட்டுத் திரும்பப் போகிறோம். யார் செய்த தப்புக்கு?

நூறடி தள்ளி ஒரு தகரக் கொட்டகை. லாரி மெக்கானிக். அறுபது வயசிருக்கும். பானெட்டைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தவர், நைந்துபோன பெல்ட்டை உருவி என் கையில் கொடுத்தார்.

''எத்தனை கோடுங்க தம்பி?''

எண்ணினேன். ''அஞ்சுங்கண்ணா.''

''புல்லியில எத்தனை பள்ளம்?''

குனிந்து எண்ணினேன். நாலு.

''அஞ்சாவது கோடு எங்கே உக்காரும்? உங்க மடியிலயா?''

மாப்பிள்ளை என்னை முறைத்தான். நடந்தது இதுதான். பத்து நாள் முன்னால் நானே ஒரு கடைக்குப் போயிருந்தேன். ''நாலு கோடு இப்ப இல்லீங்க. அதே நீளம், அஞ்சு கோடு இருக்கு. ஸ்ட்ராங்கா இருக்கும்'' என்றார்கள். அதே விலைக்கு ஒரு கோடு அதிகம்! ஆடித் தள்ளுபடி ஆசாமிக்கு இதைவிட என்ன வேணும்? வாங்கிவிட்டேன். அந்த உபரிக் கோடு புல்லியின் விளிம்புக்கு வெளியே தொங்கி, உரசி, நூல் நூலாகப் பிரிந்து, கடைசியில் பெல்ட்டையே கழற்றி எறிந்துவிட்டது.

பழைய பெல்ட் டிக்கியில் பேப்பரில் சுற்றிக் கிடந்தது. (கஞ்சத்தனமும் சில சமயம் உதவும்!) அதன் முதுகில் எழுத்து தெரிந்தது: 4 பிகே 880. அண்ணன் பாடம் எடுத்தார். முதலில் வருவது கோடுகளின் எண்ணிக்கை. 'பிகே' என்பது கோட்டின் ஜாதி. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் 3.56 மில்லிமீட்டர். கடைசி நம்பர் நீளம், மில்லிமீட்டரில். இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் அது உங்க பெல்ட் இல்லை. 'கிட்டத்தட்ட' என்கிற வார்த்தை இங்கே செல்லாது.

''பழைய பெல்ட்டுல நூல் புடிச்சு அளந்து வாங்கக் கூடாதுங்க. தேஞ்ச பெல்ட்டு தேஞ்ச அளவைத்தான் காட்டும். இந்த நம்பரையும் கண்ணை மூடிட்டு நம்பாதீங்க. முன்னாடி மாட்டினவனும் உங்களை மாதிரி ஆளா இருந்தா?'' என்றவர் புல்லிப் பள்ளங்களை எண்ணினார். ஆர்.சி. புத்தகத்தில் வருஷமும் மாடலும் பார்த்தார். ஒரே பெயர் கொண்ட காரிலேயே ஏ.ஸி. வைத்ததற்கு ஒரு அளவு, வைக்காததற்கு வேறு அளவு இருக்குமாம். பவர் ஸ்டியரிங் இருந்தால் அதுவும் வேறு. சேஸிஸ் நம்பரைச் சொல்லி வாங்குவதுதான் உத்தமம். போனில் யாரிடமோ விசாரித்து உறுதி செய்துகொண்டு, பையனை டி.வி.எஸ்.ஸில் ராசிபுரத்துக்கு அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை. கடைக்காரரை வீட்டிலிருந்து எழுப்பிக் கூட்டி வரவேண்டும். மணி பத்தரை தாண்டியது.

அம்மா வேப்ப மர நிழலில் உம்மென்று உட்கார்ந்திருந்தார். தூரத்தில் போதமலை. நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு போய் நின்றேன்.

''அம்மா, இது சகுனம் இல்லே. நான் செஞ்ச தப்பு. பெல்ட்டை மாத்தி வாங்கிட்டேன். திட்டறதா இருந்தா என்னைத் திட்டுங்க. அந்தப் பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லே.''

அம்மா என்னையே பார்த்தார். மெக்கானிக் அண்ணன் கையைத் துடைத்தபடி வந்தார். ''தண்ணி பம்ப்பும் இந்த பெல்ட்டுலதாங்க சுத்துது. தம்பி வண்டிய நிறுத்தாம இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தா இன்ஜின் வெந்திருக்கும். நெனைச்சுப் பாருங்க, எங்க கடைக்கு எதுத்தாப்புல நின்னுருக்குது. இதுவும் சகுனம்தானுங்களே?''

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ''சரி, மாட்டுங்க. போயிட்டே வந்துடலாம்.''

புது பெல்ட் வந்தது. மாட்டினார். நடுவில் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். ''லூஸா இருந்தா கத்தும். ரொம்ப இறுக்கினா கத்தாது, ஆனா பம்ப் பேரிங்கையும் ஆல்டர்னேட்டர் பேரிங்கையும் தின்னுடும்.'' ரேடியேட்டர் ஆறியபிறகுதான் மூடியைத் திறந்து தண்ணீர் பார்த்தார். இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி இறுக்கம் பார்த்தார். போகும்போது ஒரு எச்சரிக்கை: ''வெடிப்பு இல்லேன்னு நம்பிடாதீங்க. பழைய ரப்பர்தான் வெடிக்கும். இப்ப வர்ற ரப்பர் வெடிக்காது, சத்தமில்லாம தேயும். பள்ளத்துல ஆழம் இருக்குதான்னு பாக்கோணும். டைமிங் பெல்ட் இருக்கற வண்டின்னா அது தனிக் கதை. அறுந்தா நிறைய இன்ஜின்ல வால்வும் பிஸ்டனும் முட்டிக்கும். அதுக்குப் புத்தகத்துல போட்டிருக்கற கிலோமீட்டருக்கு முந்தியே மாத்திடோணும்.''

புதுச்சத்திரம் தாண்டி, நாமக்கல் கோட்டைப் பாறை கண்ணில் பட்டபோது பதினொன்று இருபது. கூரையே இல்லாமல் வெயிலில் நிற்கும் அந்தப் பதினெட்டடி ஆஞ்சநேயருக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

பெண்ணின் அப்பா லாரி பாடி கட்டும் பட்டறை வைத்திருப்பவர். ''ஏனுங்க இவ்வளவு நேரம்?'' என்றார் கவலையாக. அம்மா என்னைக் கை காட்டினார். ''இந்தத் தம்பி பெல்ட்டை மாத்தி வாங்கிட்டாருங்க. ஒரு கோடு அதிகமாம்!'' வீடே சிரித்தது.

காபித் தட்டோடு வந்த பெண் (ஒரு கோழித்தீவன மில்லில் கணக்கு பார்க்கிறவள்) மெதுவாகச் சொன்னாள்: ''எங்க மில்லுல ஒரு மெஷினுக்கு நாலு பெல்ட்டுங்க. ஒண்ணு அறுந்தா நாலையும் சேர்த்துத்தான் மாத்துவோம். புதுசும் பழசும் கலந்தா, இழுப்பு ஒரே மாதிரி வராது.''

மாப்பிள்ளை காபியைக் கீழே வைக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

2017 தை மாசம் கல்யாணம். அவர்கள் வண்டி டிக்கியில் இன்றைக்கும் சரியான நம்பர் போட்ட பெல்ட் ஒன்று ஸ்பேராக இருக்கிறது. வாங்கியது வீட்டுக்காரம்மா. நான் அவர்கள் வீட்டுக்குச் சாப்பிடப் போனால், இலையில் ஒரு தோசை கூடுதலாக விழும்போதெல்லாம் நண்பன் மறக்காமல் சொல்வான்:

''போடு போடு... அவனுக்கு எப்பவும் ஒண்ணு அதிகமா வேணும்!''