பந்தியா, பஃபேயா? பரிமாறுகிறவரைக் கேளுங்கள்

கும்பகோணத்தை அடுத்த ஒரு கல்யாண மண்டபம். மறுநாள் முகூர்த்தம், மாலை ஏழு மணிக்கு வரவேற்பு. சமையல்கட்டில் மதியமே அடுப்புகள் எரியத் தொடங்கியிருந்தன. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்கினார்கள். வாழையிலைக் கட்டுகளை அவிழ்த்துக் கிழிசலை ஒதுக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். பெரிய உருளியில் பாசிப்பருப்பு அசோகா கிண்டப்பட்டுக்கொண்டிருந்தது. இந்த வீட்டார் சாப்பாட்டுக் கூடத்தில் இலைப் பந்தியும் வெளியே பந்தலில் பஃபேயும் ஏற்பாடு செய்திருந்தார்கள். இரண்டையும் பரிமாறுகிறவர்களின் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்றே போயிருந்தேன்.

கூடத்தில் 200 பேர் உட்காரலாம். வரிசைக்கு 25 இலை, எட்டு வரிசை, வரிசைக்கு இரண்டு ஆட்கள். பெரும்பாலோர் விடுமுறை நாளில் வேலைக்கு வரும் கல்லூரி மாணவர்கள். அவர்களைப் பழக்குகிறவர் தலைநரைத்த மேஸ்திரி. இலையின் நுனி சாப்பிடுகிறவருக்கு இடப்பக்கம் வர வேண்டும். உப்பு, ஊறுகாய், கூட்டு, பொரியல் எல்லாம் மேல்பாதியில், சாதத்துக்குக் கீழ்ப்பாதி. இதெல்லாம் ஒரே நாளில் படிந்துவிடும். கரண்டி பிடிப்பதுதான் நாள்பட வரும் வித்தை. சாம்பார் வாளியை இடக்கையில் தூக்கிக்கொண்டு குனிந்து, கரண்டியை இலைக்கு இரண்டு விரல் மேலே நிறுத்திச் சாய்க்க வேண்டும். கரண்டி இலையில் பட்டால் எச்சில். அந்த வாளியையே மாற்ற வேண்டும்.

“கரண்டியைப் பார்க்காதே தம்பி, இலையைப் பாரு” என்று ஒரு பையனிடம் சொன்னார் மேஸ்திரி. சாதத்தில் குழி பறித்தால் சாம்பாருக்குக் காத்திருக்கிறார். இலைமேல் கையை விரித்தால் போதும் என்கிறார். சாதத்தை ஓரம் ஒதுக்கத் தொடங்கிவிட்டால் அவருக்கு அடுத்த வகை வர வேண்டும். யாரும் வாய்விட்டுக் கேட்பதற்கு முன்பே இதைப் படித்துவிடுகிறவர் கையில் உணவு வீணாவதில்லை.

சமையல் மாஸ்டர் கூடத்து வாசலிலேயே நின்றார். ஒவ்வொரு பந்தியிலும் நிரம்பிய இலைகளை எண்ணி, வெளியே காத்திருக்கும் கூட்டத்தையும் கணக்கில் கொண்டு அடுத்த உலைக்கு அரிசி அளக்கச் சொன்னார். பந்திக்குப் பந்தி உலை வைப்பதால் சாதம் சூடாக இலைக்கு வருகிறது. கூட்டம் குறைந்தால் அரிசி மூட்டையிலேயே தங்குகிறது. அளவு அவர் கையை விட்டுப் போவதே இல்லை.

பந்தலில் கணக்கு வேறு. பஃபேக்கு உண்மையான நன்மைகள் உண்டு. அவசரமாக ஊருக்குத் திரும்புகிறவர் பத்து நிமிடத்தில் சாப்பிட்டுவிடலாம். சர்க்கரை நோயாளி தனக்கு ஒத்ததை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். சாப்பிடுகிறவரின் நாற்காலிக்குப் பின்னால் இடம்பிடித்து நிற்கும் சங்கடம் இல்லை. யாரோடு யார் உட்காரலாம் என்று சாதி பார்த்துப் பந்தி பிரித்த வரலாறும் நம்முடையதுதான். சுதந்திர தினத்தன்று கோயில்களில் சமபந்தி விருந்து நடத்த வேண்டிவந்ததே அதனால்தான். தட்டோடு ஒரே வரிசையில் நிற்பது அந்தப் பழைய கோட்டை அழிக்கிறது என்பதை மறுக்க முடியாது.

ஆனால் கடைசியாக வரும் விருந்தாளிக்கும் எல்லாப் பாத்திரங்களும் நிறைந்திருக்க வேண்டும். அதனால் மாஸ்டர் கூடுதலாகவே சமைக்கிறார். வரிசையில் மறுபடி நிற்கத் தயங்குகிறவர்கள் தட்டை ஒரே தடவையில் குவிக்கிறார்கள். பாதி குப்பைக்குப் போகிறது. பாத்திரத்தின் அடியில் எரியும் சிறு தீ, சூட்டைக் காப்பதற்கானது. ஆறிய உணவைச் சூடாக்க அது போதாது. சமைத்த உணவு 60 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும், சாதாரண வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அடிக்கடி திறந்து மூடும் பாத்திரத்தில் இதைக் காப்பது கடினம். மீந்ததைப் பிறருக்குக் கொடுக்க, உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-இல் விதிமுறை வகுத்திருக்கிறது. அண்டாவில் கைபடாமல் இருப்பதைத் தயங்காமல் கொடுக்கலாம். பலர் கரண்டி போட்டு மணிக்கணக்கில் திறந்துகிடந்ததை அப்படிக் கொடுக்க முடியாது.

பஃபே வைத்தால் ஆள்கூலி மிச்சம் என்ற நம்பிக்கையும் சரியல்ல. தோசைக்கல்லின் முன் ஒருவர், பாத்திரம் நிரப்ப இருவர், பந்தலின் பின்னால் எச்சில் தட்டுகளை ஓயாமல் கழுவும் பெண்கள். உழைப்பு விருந்தாளியின் கண்ணுக்கு மறைகிறது, குறைவதில்லை.

எனவே முடிவெடுக்கும் முன் சமையல் மாஸ்டரையும் மேஸ்திரியையும் உட்காரவைத்துக் கணக்குப் போடுங்கள். இலை போட்டு எடுக்க ஒரு பந்திக்கு 40 நிமிடம். 200 இருக்கை, 800 பேர் என்றால் நான்கு பந்தி, இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். அங்கே பந்தியே போதும். அதே கூடத்தில் 1,500 பேருக்கு எட்டுப் பந்தி, ஐந்து மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அப்போது பஃபேயும் வேண்டும். ஆனால் வகைகளைக் குறையுங்கள், எடுத்துப் போட ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஓர் ஆள் வையுங்கள். கைத்தடியோடு வருகிறவருக்கும் கைக்குழந்தையோடு வருகிறவருக்கும் இலை வரிசை ஒன்று கட்டாயம் இருக்கட்டும்.

பேசி முடிக்கும்போது இன்னொன்றையும் ஒப்பந்தத்தில் சேருங்கள். அன்றிரவு நூற்றுக்கணக்கான இலைகளுக்குக் குனிந்த மாணவர்களும் தட்டு கழுவிய பெண்களும் கடைசியில் நின்றபடி, மிச்சம் இருந்ததைச் சாப்பிட்டார்கள். அவர்கள் தலையையும் எண்ணி அரிசி அளக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கும் இலை போட்டு ஒரு பந்தி நடக்கட்டும். அதற்கு ஆகும் செலவு கல்யாணக் கணக்கில் தெரியக்கூட தெரியாது.