கரும்பலகையில் ஒரு பெயர்

பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி

2025 ஜூனில் பள்ளி திறந்த மூன்றாம் நாள், என்னை வகுப்புத் தலைவி ஆக்கினார்கள். அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். "பேசறவங்க பேரை எழுதற வேலைதானே?" என்றார் அம்மா. அவரும் இதே பள்ளியில்தான் படித்தவர். அவர் காலத்திலும் அதே வேலைதான் போலும்.

ஆசிரியை வரத் தாமதமானால் தலைவி எழுந்து கரும்பலகையின் வலது ஓரத்தில் கோடு போட்டு, பேசுகிறவர்களின் பெயர்களை எழுத வேண்டும். மீண்டும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மாலையில் அவற்றையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து, வெள்ளிக்கிழமைதோறும் வகுப்பாசிரியை மிஸ்ஸிடம் காட்ட வேண்டும். எங்கள் வகுப்பில் 46 பேர். அந்த நோட்டில் 46 பெயர்களும் எப்போதாவது வந்திருக்கின்றன. ஆனால் ஒரு பெயர் மட்டும் பக்கத்துக்குப் பக்கம் வந்தது.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதக்கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். ஐந்தாவது பெஞ்சில் சன்னலோரம் உட்காருவாள். கும்மிடிப்பூண்டியிலிருந்து மின்சார ரயிலில் வருகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. மிஸ் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது டெஸ்க்கில் விரலால் தாளம் போடுவாள். கேள்வி முடிவதற்குள் பதிலைக் கத்துவாள். அதில் பாதி சரியான பதிலாகவே இருக்கும் என்பதுதான் மிஸ்ஸுக்கு இன்னும் கோபம். ஒரு நாள் வரலாற்றுப் பாடம் நடக்கும்போது எழுந்து நின்று சோம்பல் முறித்துவிட்டு, ஒன்றும் நடக்காதவள் போல் உட்கார்ந்தாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுத்தான் பெயரை எழுதினேன்.

அவளை என்னதான் செய்யவில்லை? வெளியே நிற்க வைத்தார்கள். அங்கிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தாள். "இனி வகுப்பில் பேசமாட்டேன்" என்று நூறு முறை எழுதி வரச் சொன்னார்கள். எழுதி வந்தாள். அதைக் கொடுக்கும்போதும் பேசிக்கொண்டே கொடுத்தாள். அடிக்கவில்லை, அடிக்கவும் கூடாது. தமிழ்நாடு கல்வி விதிகளில் 51ஆம் விதியைத் திருத்தி, 2003லேயே மாணவர்களை உடலாலும் மனத்தாலும் வருத்தும் தண்டனைகளை நம் மாநிலத்தில் தடை செய்துவிட்டார்கள். 2009இல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவும் அதையே சொல்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரை உள்ளவர்களுக்கு. "நமக்குப் பதினைந்து ஆயிடுச்சுடி, ஜாக்கிரதை" என்று எங்களுக்குள் கேலி செய்துகொள்வோம்.

பிரம்பு போய்விட்டது சரி, அதன் இடத்தில் என்ன வந்தது என்று யோசித்தால், என் கையில் இருந்த சாக்குக்கட்டிதான் வந்தது என்று தோன்றுகிறது.

கணக்கு மிஸ்ஸின் நிலையையும் சொல்லத்தான் வேண்டும். நாற்பது நிமிடம், 46 பேர், வருட முடிவில் அரசுத் தேர்வு. முதல் பெஞ்சுக்குப் புரிந்தது மூன்றாம் பெஞ்சுக்குப் புரியாமல் அவர் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து தாளம் கேட்டால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? என் அம்மாவே, "ஒரு பொண்ணால மத்தப் பிள்ளைங்க படிப்பு கெடணுமா?" என்று பெற்றோர் கூட்டத்தில் கேட்டார். அந்தக் கேள்வி தவறு என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை. ஆகஸ்டு கடைசியில் ஒரு நாள் மிஸ் பாடத்தைப் பாதியில் நிறுத்தி, சாக்குக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. அன்று மாலை தலைமைச் சகோதரி என்னைக் கூப்பிட்டனுப்பினார். மறுநாள் காலை அந்த நோட்டைக் கொண்டுவர வேண்டும், அவளுடைய பெற்றோரையும் வரச் சொல்லியிருக்கிறோம் என்றார். டி.சி. கொடுக்கப்போகிறார்கள் என்று வராந்தாவில் பேசிக்கொண்டார்கள்.

அன்றிரவு நோட்டைச் சுத்தமாகப் படியெடுக்க உட்கார்ந்தேன். சிஸ்டர் பார்ப்பதாயிற்றே, கையெழுத்து நன்றாக இருக்க வேண்டுமென்று நினைத்தேன். அவளுடைய குறிகளை மட்டும் வாரம் வாரமாகக் கூட்டி எழுதினேன். ஜூன் 23இல் தொடங்கிய வாரம் 17. அடுத்த வாரம் 2. அதற்கடுத்த வாரம் 1. ஜூலை 14இல் தொடங்கிய வாரம் 21. பிறகு 3, பிறகு 2. ஆகஸ்டு 4இல் தொடங்கிய வாரம் 19. மறுபடி இரண்டு வாரம் அமைதி. ஆகஸ்டு 25இல் தொடங்கிய வாரம் 22. கணக்கில் நான் அவ்வளவு கெட்டிக்காரி அல்ல. ஆனால் இது எனக்கே தெரிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை எங்கள் பகுதியில் மாறுவது எது என்று சிப்காட் பக்கத்துப் பிள்ளை யாரைக் கேட்டாலும் சொல்லிவிடும். காலை ஆறு மணி ஷிப்ட், இரண்டு மணி ஷிப்ட், இரவு பத்து மணி ஷிப்ட்.

மறுநாள் காலை ரயில் வரும் நேரத்துக்கே நான் பள்ளி வாசலில் போய் நின்றேன். "உங்கப்பாவுக்கு இந்த வாரம் நைட்டா?" என்று கேட்டேன். அவள் முகம் மாறியது. "ஏன், அதையும் போர்டுல எழுதப்போறியா?" என்றாள்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னாள். அவளுடைய தந்தைக்கு ரோலிங் மில்லில் வேலை. பழுக்கக் காய்ந்த இரும்பு உருளைகளுக்கிடையே ஓடும். எட்டு மணி நேரமும் அந்தச் சூட்டின் பக்கத்திலேயே நிற்க வேண்டும். தாய்க்குப் பேக்கிங் கம்பெனியில் காலை ஷிப்ட். ஐந்தரைக்கெல்லாம் கம்பெனி வேன் வந்துவிடும். வீடு ஒரே அறை, சிமெண்ட் ஷீட் கூரை. அப்பாவுக்கு இரவு ஷிப்ட் உள்ள வாரத்தில் இவள் நாலரைக்கு எழுந்து உலை வைக்க வேண்டும். ஆறே முக்காலுக்கு அவர் வந்து படுத்துவிடுவார். அதன்பின் இரண்டு தம்பிகளையும் சத்தமில்லாமல் எழுப்பி, சத்தமில்லாமல் குளிக்க வைத்து, சத்தமில்லாமல் சாப்பாடு கட்டி அனுப்ப வேண்டும். நடுப்பகலில் கூரை காய்வதால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் மாலை நாலு மணிக்கு மறுபடி படுத்து எட்டு மணி வரை தூங்குவார். அவள் வீட்டுக்குப் போகும் நேரம் அது. பாடத்தை வாய்விட்டுப் படிக்க முடியாது. பாத்திரம் கீழே விழுந்தால் அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாது. ஒருமுறை தூக்கம் கெட்ட கண்ணோடு வேலைக்குப் போய், பக்கத்தில் நின்ற ஆளுக்குக் கை போனதை அவர் பார்த்திருக்கிறார். அதனால் அந்த வீட்டில் அவருடைய தூக்கம்தான் எல்லாவற்றையும்விடப் பெரியது.

"ஒரு வாரம் முழுக்கக் குசுகுசுன்னு பேசிப் பாரு, அப்ப தெரியும். இங்க வந்தாத்தான் எனக்குத் தொண்டையே திறக்குது. கணக்கு பீரியட்ல தூக்கம் வேற அப்படியே தள்ளும். தூங்காம இருக்கத்தான் தட்டுவேன்" என்றாள்.

நோட்டைக் கொடுக்கப் போகும் வழியில் எனக்கு இன்னொன்றும் உறுத்திக்கொண்டே இருந்தது. அதையும் எழுதினால்தான் இந்தக் கட்டுரை உண்மையாகும். ஜூலையில் ஒரு நாள் அவள் என்னைக் "காட்டிக்கொடுக்கிறவ" என்று எல்லோர் முன்னும் சொன்னாள். அன்று அவள் வாயே திறக்காதபோதும் நான் ஆறு குறிகள் போட்டேன். ஜூலையில் உள்ள அந்த 21இல் ஆறு என் கோபம். யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்கமாட்டார்கள் என்று தெரிந்துதான் போட்டேன்.

சிஸ்டரிடம் அனைத்தையும் சொன்னேன், ஆறையும் சொன்னேன். அழுதுவிடக்கூடாது என்று மனப்பாடம் செய்துகொண்டு போனேன், ஆனாலும் அழுதேன். அவர் கோபிக்கவில்லை. நோட்டை வாங்கி அந்த வாரக் கணக்கை மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தார். "இத்தனை நாளா வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை இதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கோம். யாரும் கூட்டிப் பார்க்கலையே அம்மா" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

அடுத்த வாரம் ஒழுக்கப் பாடவேளையில் சிஸ்டர் எங்களுக்கு இரண்டு செய்திகள் சொன்னார். ஒன்று, அமெரிக்காவில் ஜேக்கப் கௌனின் என்ற உளவியல் அறிஞர் செய்த ஆராய்ச்சி. கல்லூரியில் அவர் பாடம் நடத்தும்போது ஒரு மாணவன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தானாம். அவனைக் கண்டித்ததும், குற்றமே செய்யாத மற்றவர்கள் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கவனித்தார். அங்கிருந்து தொடங்கிப் பல ஆண்டுகள் வகுப்பறைகளைப் படம்பிடித்துப் பார்த்து, 1970இல் ஒரு நூல் எழுதினார். குறும்பு நடந்த பிறகு ஆசிரியர் எப்படித் திட்டுகிறார் என்பதில் நல்ல வகுப்புக்கும் கெட்ட வகுப்புக்கும் பெரிய வேறுபாடு இல்லையாம். குறும்பு நடப்பதற்கு முன் என்ன செய்தார், வகுப்பு முழுவதும் அவர் கண்ணில் இருந்ததா, பாடம் தொய்வில்லாமல் ஓடியதா என்பதில்தான் வேறுபாடு இருந்ததாம்.

மற்றொன்று நாங்கள் ஏற்கெனவே கேட்டிருந்த கதை. ஆனால் அன்றுதான் எனக்குப் புரிந்தது. 1841 டிசம்பர் 8, அமல உற்பவ மாதா திருநாள். இத்தாலியில் தூரின் நகரத்து அசிசி புனித பிரான்சிஸ் ஆலயத்தில் இளம் குரு ஜான் போஸ்கோ பூசைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். பூசைக்கு உதவி செய்யத் தெரியாமல் அங்கு வந்து நின்ற கொத்தனார் வேலைப் பையன் ஒருவனைக் கோயில்பிள்ளை கம்பால் அடித்து விரட்டினார். அவன் என் நண்பன், கூப்பிடுங்கள் என்றார் குரு. திரும்பி வந்த பையனுக்குப் பெயர் பர்த்தலோமேயு கரெல்லி. எழுதத் தெரியுமா, படிக்கத் தெரியுமா என்றால் ஒன்றும் தெரியாது. சீட்டியடிக்கத் தெரியுமா என்று கேட்டாராம். அதற்குத்தான் அவன் முதன்முதலாகச் சிரித்தானாம். பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் பிள்ளைகள் வந்து குவிந்த ஊர் அந்தத் தூரின். அந்த அனுபவங்களையெல்லாம் வைத்துத்தான் 1877இல், தண்டித்துத் திருத்துவதைவிடக் கூடவே இருந்து தவறாமல் காக்கும் முறையைப் பற்றி அவர் எழுதினார். அன்று அந்தக் கதையில் கோயில்பிள்ளை வந்ததும் எனக்குத் தலை குனிந்துவிட்டது. என் கையில் இருந்தது சாக்குக்கட்டி, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதன்பின் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அவளே சிரிப்பாள். டி.சி. பேச்சு நின்றது. கரும்பலகையில் பெயர் எழுதுவது எங்கள் வகுப்பில் நின்றது. முதல் வாரம் சந்தைக்கடை போல் இருந்தது, நான் தொண்டை கட்டிப் போனேன். இரவு ஷிப்ட் வாரத்தில் மூன்றாம் பாடவேளையில் வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் வேலை அவளுக்கு. போகும்போது முகம் கழுவிக்கொள்ளலாம். தமிழ்ப் பாடத்தில் உரைநடையை உரக்க வாசிப்பதும் அந்த வாரத்தில் அவள்தான். இருந்தாலும் நவம்பரில் ஒரு நாள் கணக்கு மிஸ்ஸை எதிர்த்துப் பேசிவிட்டாள். அது தூக்கத்தால் வந்ததல்ல, வெறும் திமிர்தான் என்று அவளே பிறகு ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். காரணம் தெரிந்துவிட்டால் எல்லாத் தவறும் தவறில்லை என்று ஆகிவிடாது என்று மிஸ் சொன்னார். அதுவும் நியாயம்தானே.

பெஞ்சுகளைப் பற்றியும் வகுப்பில் பெரிய விவாதம் நடந்தது. 2024இல் வந்த 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்தில் கடைசி பெஞ்சே இல்லாதபடி மாணவர்களைச் சுற்றி உட்கார வைப்பார்கள். அதைப் பார்த்துக் கேரளத்தில் சில பள்ளிகள் மாற்றின. 2025 ஜூலையில் நம் மாநிலத்திலும் 'ப' வடிவில் உட்கார வைக்கலாம் என்று அறிவித்து, கழுத்து வலிக்கும் என்றெல்லாம் பலர் சொன்னதும் நிறுத்தி வைத்தார்கள். 46 பேரை எங்கள் அறையில் 'ப' வடிவில் வைத்தால் மிஸ் வாசலுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். அதனால் வாரம் ஒரு முறை பெஞ்சு மாறி உட்காருகிறோம்.

பெயர் எழுதாத இந்த மாதங்களில் இன்னொருத்தியையும் கவனித்தேன். அவள் குடும்பம் பீகாரிலிருந்து வந்தது. தந்தைக்கு இங்கே கம்பெனி வேலை. என் நோட்டில் அவள் பெயர் வந்தது ஒரே ஒரு நாள். அன்றும் பக்கத்திலிருந்தவள் பேசியதற்காக. ஆண்டு முழுவதும் வாய் திறக்காததால் நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொன்னோம். அவளுக்குத் தமிழில் கேள்வி கேட்க வராது என்பது டிசம்பரில்தான் தெரிந்தது. இப்போது இடைவேளையில் அவளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பது யார் என்று ஊகித்திருப்பீர்கள். வாயாடிக்கு வாய்ப்பேச்சு வேலை.

இந்தக் கட்டுரையை முதலில் அவளிடம்தான் படிக்கக் கொடுத்தேன். முழுவதும் படித்துவிட்டு, "ஆறு குறி போட்டதை எடுத்துடேன், உன்னைத்தான் திட்டுவாங்க" என்றாள். எடுக்கவில்லை.

இன்று திங்கட்கிழமை, அவள் தந்தைக்கு இன்றிரவிலிருந்து மறுபடி இரவு ஷிப்ட். நாளை மூன்றாம் மணி அடித்ததும் பதிவேட்டை ஐந்தாவது பெஞ்சுக்கு, இல்லை, இந்த வாரம் இரண்டாவது பெஞ்சுக்கு நீட்ட வேண்டும். போன முறை அதை வாங்கிக்கொண்டு வராந்தா முழுக்கப் பாடிக்கொண்டே போனாள். கணக்கு மிஸ் அது காதில் விழாதவர் போல அடுத்த கணக்கை எழுதத் தொடங்கினார்.