குறுக்குத் தடம்

ஃப்ரீமாண்டில் வீடு பார்த்துக் குடியேறியவர்கள் ஊரிலிருந்து யார் வந்தாலும் ஒருநாள் மிஷன் பீக்குக்குக் கூட்டிப்போய்விடுவார்கள். உயரம் 767 மீட்டர்தான். உச்சியில் ஒரு கம்பம் நட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு போட்டோ எடுக்க வரிசை நிற்கும். சரிவுகளில் மரம் அபூர்வம், எல்லாம் புல். ஜனவரியில் கண் கூசும் பச்சை. மே கடந்தால் முழுக்கக் காய்ந்துவிடும். இங்கே அதைப் பொன்னிறம் என்பார்கள். கோவில்பட்டிப் பக்கம் மானாவாரி வெள்ளாமை பார்த்த என் அப்பா காரை விட்டு இறங்கியதும், "மாட்டுக்குப் போட வைக்கோல விரிச்சுப் போட்ட மாதிரில்ல இருக்கு" என்றார்.

அது ஜூன் மாதம். அப்பாவுக்கு அப்போது எழுபத்தொன்று. ஸ்டான்ஃபோர்ட் அவென்யூ வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் சுற்றிச் சுற்றி, நடக்க ஆரம்பிக்கும்போதே வெயில் ஏறிவிட்டது. அங்கிருந்து உச்சிக்கு மூன்று மைல். ஏறத்தாழ 2,000 அடி ஏற்றம், வழியில் நிழலே கிடையாது. அப்பா நிதானமாக ஏறினார். ஓரத்தில் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த களிமண்ணைக் குனிந்து எடுத்து நசுக்கிப் பார்த்தார். "நம்ம மண்ணுக்குச் சித்தப்பன் மகன் போல."

அவர் சொன்னது சரிதான். மழையில் ஊறிப் பருத்து, வெயிலில் சுருங்கி வெடிக்கிற மண் இது. 1998 மார்ச்சில், எல் நினோ மழைக்குப் பிறகு, இந்த மலையின் மேற்குச் சரிவில் பெரும் மண்சரிவு ஏற்பட்டது. கீழே வீடுகள். புல்லும் பழைய புல் இல்லை. மேலே தெரிவதில் பெரும்பகுதி காட்டு ஓட்ஸ் மாதிரியான ஓராண்டுப் புற்கள். ஐரோப்பியர்களோடும் அவர்களுடைய கால்நடைகளோடும் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வந்தவை. மழைக்கு முளைத்து, வசந்தத்தில் விதை விட்டுச் செத்துப்போகும். இங்கே முன்பிருந்த புல் குத்துக்குத்தாக வளரும், பல வருஷம் உயிரோடிருக்கும், வேர் ஆழமாகப் போகும். இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு எனக்கு மணிதான் கண்ணில் நின்றது. பதினொன்றரைக்கு ஒரு ஆபீஸ் கால்.

இறங்கும்போது அகலப் பாதை வளைந்து வளைந்து போயிற்று. அந்த வளைவுகளை வெட்டிக்கொண்டு செங்குத்தாக ஒரு தடம். பாதையை விட்டு விலகாதீர்கள் என்று பலகை இருந்தது. ஆட்கள் அதைத் தாண்டி இறங்கிக்கொண்டுதான் இருந்தார்கள்.

"வாங்கப்பா, இப்படிப் போனா அரை மணி நேரம் மிச்சம்."

அவர் நின்று பார்த்தார். "ஏய்யா, இது தடமில்ல, ஓடை."

"எல்லாரும் போறாங்கப்பா."

மகன் வீட்டுக்கு வந்திருக்கும் அப்பாக்கள் இரண்டாம் தடவை மறுப்பதில்லை. வந்தார். தடத்தின் நடுவில் மழைநீர் அரித்த பள்ளம், முழங்கால் ஆழம். அதில் கால் வைக்க முடியாமல் ஓரத்துப் புல்லில் நடந்தோம். அப்படி எல்லோரும் ஓரத்தில் நடந்துதான் அந்தத் தடம் வருஷா வருஷம் அகலமாகிறது. செத்த புல் சருக்கு மரம் மாதிரி வழுக்கும். எனக்குப் பின்னால் சர்ரென்று ஒரு சத்தம். திரும்பினால் அப்பா உட்கார்ந்தபடியே பத்தடி வந்து நின்றிருந்தார். ஊன்றிய வலது மணிக்கட்டு கண் முன்னாலேயே வீங்கியது. பாட்டிலில் இரண்டு மடக்கு தண்ணீர்தான் மிச்சம்.

நான் பதறி ஏதேதோ சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் எதிர்ச்சரிவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே மாடுகள் மேய்ந்தன. தீ பிடித்தால் எரிய அதிகம் இருக்கக் கூடாது என்று புல்லைக் குறைக்க மேய விடுகிறார்கள். சரிவு முழுக்கக் குறுக்காக, படிப்படியாக மாட்டுத் தடங்கள்.

"மாடு நேரா இறங்குதா பாரு. வயிறு கனமுள்ளது, சரிவுக்குக் குறுக்கதான் போகும். தண்ணி அந்தத் தடத்துல வேகம் எடுக்காது. நேரா கோடு கிழிச்சா, தண்ணி அதப் பிடிச்சுக்கிட்டு மண்ணெல்லாம் கொண்டுபோயிரும். எங்க பொழியில ஒரு கால்தடம் விழுந்தாலே உங்க தாத்தா மம்பட்டியோட நிப்பாரு."

எழுந்து, எங்கள் பக்கமிருந்த ஒரு மாட்டுத் தடத்தில் அவரே முன்னால் நடந்தார், இடது கையால் வலது கையைத் தாங்கிக்கொண்டு. கால் மணி நேரத்தில் அகலப் பாதைக்கு வந்துவிட்டோம். எலும்பு முறியவில்லை. "அம்மாகிட்ட பாத்ரூம்ல வழுக்குச்சுன்னு சொல்லிக்கலாம்" என்றார். காலுறை முழுக்கக் குத்தியிருந்த புல் முள்ளை அன்று ராத்திரி அவர் ஒற்றைக் கையாலேயே பிடுங்கினார். என்னைத் தொட விடவில்லை. அந்த ஆபீஸ் காலில் நான் சேர்ந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வண்டி ஓட்டிக்கொண்டே.

குறுக்குத் தடம் எங்கள் ஊரில் குற்றமில்லை. கண்மாய்க் கரையிலிருந்து பள்ளிக்கூடம் வரை நான் நடந்ததெல்லாம் யாரோ நடந்து உண்டான தடம்தான். ஆனால் அது தட்டை நிலம். நடந்தவர்கள் ஒரு ஊர்க்காரர்கள். மறு உழவில் தடம் காணாமல் போகும், திரும்ப உண்டாகும். இங்கே சனிக்கிழமை ஒரு நாளில் ஏறுகிறவர்களை எண்ணி முடியாது. ஆளுக்கொரு அரை மணி மிச்சம் பிடித்தால் மலைக்கு என்ன மிஞ்சும் என்று அன்றுவரை எனக்குத் தோன்றியதே இல்லை.

அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். மழைக்காலத்தில் போனபோது அந்தத் தடத்தின் தலைப்பில் கம்பி வேலி போட்டிருந்தார்கள். மலை பச்சையாகியிருந்தது. படம் எடுத்து அனுப்பினேன். மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"பெரிசாக்கிப் பாத்தேன். ஓரத்துல மொளைச்சிருக்கு. நடுவுல இன்னும் இல்ல. வைகாசிக்கு முன்னால இன்னொரு படம் அனுப்பு."