கேட்டு எழுதுங்கள்

"ஒருவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வாருங்கள்" என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒருமுறை சொன்னேன். நாற்பது நோட்டுகள் வந்தன. பெரும்பாலானவற்றில் அப்துல் கலாம். அதே ராமேசுவரம், அதே 1931, அதே வரிகள். பிள்ளைகள்மீது பிழையில்லை. எப்படி எழுதுவதென்று நான் சொல்லித் தரவில்லை. அன்று விட்டதை இன்று சொல்கிறேன்.

நேரில் போய்ப் பேச முடிந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். பாட்டி, தெருமுனையில் துணி தேய்க்கும் பெரியவர், சத்துணவு சமைக்கும் அம்மா, யாராகவும் இருக்கலாம். "உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்றால், "என்னத்தைச் சொல்ல, கண்ணு" என்பார்கள். "முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள்?" என்று கேளுங்கள். பேச்சு தானாக நீளும்.

காலத்தைச் சரிபாருங்கள். அந்தக் காலத்தில் வலக்கையைத் தலைக்கு மேலே வளைத்து இடக்காதைத் தொட்டால் ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள். பிறந்த தேதியை வாத்தியாரே போட்டுவிடுவதும் உண்டு. சான்றிதழை மட்டும் நம்ப முடியாது. "தனுஷ்கோடி புயலுக்கு அடுத்த வருசம் கல்யாணம்" என்று பாட்டி சொன்னால் அது 1965. புயல் அடித்தது 1964 டிசம்பரில். தாத்தா சொன்னதை அவர் தம்பியிடமும் கேளுங்கள். இருவரும் வேறுவேறாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள்.

"உழைப்பின் சிகரம்" என்று எழுதினால் ஆள் தெரியமாட்டார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து குடத்தோடு கிணற்றுக்கு நடந்தார் என்று எழுதுங்கள், தெரிவார்.

உ.வே. சாமிநாதையர், தம் ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆசிரியர் மறைந்ததோ 1876இல். உடனிருந்து கண்ட மாணவர்தாம். ஆனாலும் அது போதாதென்று, பிள்ளையவர்களோடு பழகியவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டுச் சேர்த்தார். அந்த உழைப்பில்தான் ஆசிரியர் நமக்குக் கிடைத்தார்.

எழுதியதை, யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரிடமே படித்துக் காட்டுங்கள். "அது அப்படியில்லை" என்று திருத்துவார். அந்தத் திருத்தத்தோடு இன்னொரு கதையும் வரும். வேண்டாம் என்று அவர் சொன்னதை எடுத்துவிடுங்கள்.

என் அப்பா எந்த வயதில் முதன்முதலாக ஏர் பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்த மாலைகளில் நான் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்; உள்ளூரான் ஒருவன் வரலாறு தெரியாமல் மன்னர்களின் வரலாற்றை மனப்பாடம் செய்தேன். உங்கள் வீட்டுத் திண்ணையில் இன்னும் ஆள் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள்.