வளர்ப்பும் மனோதர்மமும்: சித்தூர், திருப்பதி எழுத்துகளை முன்வைத்து

இலக்கிய வகுப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. நடுத்தர வர்க்கப் பாத்திரம் ஒன்று கதையில் தடுமாறினால் அதன் அகச்சிக்கல் பேசப்படும். பன்றி மேய்ப்பவரோ கூலிக்காரரோ தடுமாறினால் அவருடைய சமூகச் சூழல் பேசப்படும். முன்னவருக்கு மனம் உண்டு, பின்னவருக்குச் சூழல் மட்டுமே உண்டு என்பது போல. யாரும் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் ஆய்வேடுகளின் இயல் தலைப்புகளைப் புரட்டினால் இந்தப் பாகுபாடு கண்ணில் படும். வளர்ப்பும் சமூக அழுத்தமும் புனைவுப் பாத்திரங்களை எவ்வாறு உருவாக்குகின்றன என்ற பழைய கேள்வியைச் சித்தூர், திருப்பதி வட்டாரத்து எழுத்துகளிடம் கேட்டுப் பார்ப்பது, இந்தப் பழக்கத்தைத் திருத்திக்கொள்ள உதவும்.

ஒருகாலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்தது சித்தூர். 1911இல் அது தனி மாவட்டமானது. 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. 1960இல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. கோடுகள் மாறினாலும் இரு பக்கத்து வீடுகளிலும் தெலுங்கும் தமிழும் கலந்தே புழங்கின. இத்தகைய நிலத்தில் ஒரு குழந்தைக்கு வாய்க்கும் முதல் சமூக அடையாளம் அதன் பேச்சு. வளர்ப்பு முதலில் குடியேறும் இடம் நாக்குதான்.

இதை நன்கு அறிந்தவர் நாமினி சுப்பிரமணியம் நாயுடு. அவருடைய ‘சினப்ப கதலு’, ‘மிட்டூரோடி கதலு’ ஆகியவை சித்தூர் மாவட்டத்துச் சிற்றூர்ப் பேச்சிலேயே எழுதப்பட்டவை. உழவர் வீட்டுச் சிறுவன் ஒருவனின் வறுமையை அவர் வெளியே நின்று வருணிப்பதில்லை. தாயின் அதட்டல், வயல்வேலை பற்றிய சொற்கள், வசவு, கேலி ஆகியவற்றின் வழியாகவே அவனுடைய உலகம் திறக்கிறது. கரிசல் பேச்சை உரைநடையில் ஏற்றிய கி. ராஜநாராயணனை அறிந்த தமிழ் வாசகருக்கு இது புதிதல்ல. ஆனால் நாமினியைத் தமிழுக்குக் கொண்டுவரும் மொழிபெயர்ப்பாளர் எந்தத் தமிழைத் தேர்வார் என்பது எளிய கேள்வியன்று. பொதுத் தமிழில் பெயர்த்தால் அந்தச் சிறுவன் ஆசிரியர் முன் கைகட்டி நிற்கும் மாணவனாகிவிடுவான். வேறொரு வட்டாரத் தமிழில் பெயர்த்தால் அவனுக்கு வேறொரு ஊரும் வேறொரு வீடும் வாய்த்துவிடும். பேச்சை மாற்றினால் பாத்திரமே மாறிவிடுகிறது என்றால், வளர்ப்பு என்பது பாத்திரத்தின் பின்னணியில் தொங்கும் திரை அல்ல. பாத்திரம் நெய்யப்பட்ட நூலே அதுதான்.

அப்படியானால் பாத்திரம் முழுக்க முழுக்க வளர்ப்பின் விளைவுதானா? இதே மாவட்டத்தில் பிறந்த கேசவ ரெட்டி (1946–2015) இந்த இடத்தில் துணைக்கு வருகிறார். நிஜாமாபாத் மாவட்டத்து டிச்பல்லியில் தொழுநோய் மருத்துவராகப் பணியாற்றியவர் அவர். அவருடைய ‘அதடு அடவினி ஜயிஞ்சாடு’ நாவல், ஏ.ஜி. எத்திராஜுலுவின் மொழிபெயர்ப்பில் ‘அவன் காட்டை வென்றான்’ என்று தமிழுக்கு வந்திருக்கிறது. பன்றி மேய்க்கும் முதியவர் ஒருவர், வீடு திரும்பாத சினைப்பன்றியைத் தேடி இரவில் காட்டுக்குள் போகிறார். அங்கே அது குட்டிகளை ஈன்றிருக்கிறது. நரிகள் சூழ்கின்றன. வளர்த்தவரையே அது அருகில் விட மறுக்கிறது.

இந்த நாவலை ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ நாவலோடு ஒப்பிடுவது வழக்கம். ஒப்புமை நியாயமானதே; வேற்றுமையும் கவனிக்கத்தக்கது. ஊரின் சாதி ஒழுங்கில் பன்றி மேய்ப்பது இழிவாகக் கருதப்பட்ட தொழில். அந்த இழிவை முதியவர் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் காற்றின் திசை, விலங்கின் சினம், புதரின் அசைவு ஆகியவற்றைப் படிக்கும் அறிவும் அதே தொழிலிலிருந்து வந்ததுதான். ஊர் எதைச் சொல்லி அவரை ஒதுக்கியதோ, காட்டில் அதுவே அவருடைய கல்வியாகிறது. அவரைச் சூழலின் பலியாள் என்று மட்டும் எழுதும் கட்டுரை, அந்த இரவு முழுவதும் அவர் எடுக்கும் முடிவுகளைக் கணக்கில் கொள்ளாமல் விட்டுவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. அந்தப் பன்றியும் அவரால் வளர்க்கப்பட்டதே. குட்டிகளைக் கண்டதும் அந்த வளர்ப்பு அதனிடம் செல்லுபடியாகவில்லை. வளர்ப்பின் வலிமையைப் பற்றிய கதை, வளர்ப்பின் எல்லையையும் சேர்த்தே சொல்கிறது.

பூமணியின் ‘வெக்கை’ (1982) நாவலிலும் இதற்கு இணையான ஓர் அமைப்பு உண்டு. கொலை செய்துவிட்ட பதினைந்து வயதுச் சிறுவன் தந்தையோடு காடுமேடாகத் திரிகிறான். எங்கே ஒளிவது, எதைத் தின்பது என்று அவன் அந்நாட்களில் கற்றுக்கொண்டே இருக்கிறான். வளர்ப்பு என்பது செயலுக்கு முன்பே நடந்து முடிந்துவிட்ட காரணம் அல்ல. செயலுக்குப் பிறகும் தொடர்கிறது.

மூன்றாவது எழுத்தாளர் மதுராந்தகம் நரேந்திரா. திருப்பதி ஸ்ரீவேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். அவருடைய தந்தை மதுராந்தகம் ராஜாராமும் சாகித்திய அகாதெமி விருது பெற்ற சிறுகதையாளர். தேவதாசி மரபையும் இசையையும் பேசும் நரேந்திராவின் ‘மனோதர்மபராகம்’ நாவலுக்கு 2022ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. தலைப்பே இந்தக் கேள்விக்கு ஒரு கருவியைத் தருகிறது. கர்நாடக இசையில் வரிசைகளும் வர்ணமும் கீர்த்தனையும் குருவிடமிருந்து வருபவை. ஆலாபனையும் நிரவலும் கற்பனாஸ்வரமும் மனோதர்மம். பாடுபவர் அந்தக் கணத்தில் உருவாக்குபவை. பயிற்சி இல்லாமல் மனோதர்மம் இல்லை. ஆனால் ஒரே குருவிடம் பயின்ற இருவர் ஒரே ஆலாபனையைப் பாடுவதும் இல்லை.

புனைவுக்கு வெளியேயும் இதற்குச் சான்று உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்க முயன்றபோது, அம்மரபில் வளர்ந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் அதை எதிர்த்தார். திருவையாற்றில் தியாகராஜருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர் அவர். அதே சூழலில் வளர்க்கப்பட்ட மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அம்முறையை ஒழிக்கப் போராடி, 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலையும் எழுதினார். பொட்டுக்கட்டுதலைத் தடைசெய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. ஒருவர் தம் வளர்ப்பிலிருந்த கலையின் மானத்தைக் காக்க நின்றார். மற்றவர் அதே வளர்ப்பிலிருந்த அடிமைத்தனத்தை உடைக்க நின்றார். ‘சமூகச் சூழலே காரணம்’ என்ற ஒற்றை வரி இவ்விருவரில் யாரையும் விளக்காது. சூழலை விலக்கிவிட்டாலோ இருவருமே புரியமாட்டார்கள்.

ஆகவே ஒரு பாத்திரத்தை ஆராய்வதற்கு இரண்டு கேள்விகள் தேவை. இவரிடம் எது கொடுக்கப்பட்டது? கொடுக்கப்பட்டதை வைத்து இவர் என்ன செய்தார்? முதல் கேள்வியைப் பேராசிரியர் வீட்டுப் பாத்திரத்திடமும் கேட்க வேண்டும். அவருடைய அகச்சிக்கலுக்கும் ஒரு சாதி, ஒரு வீடு, ஒரு வருமானம் உண்டு. இரண்டாவது கேள்வியைப் பன்றி மேய்க்கும் முதியவரிடமும் கேட்க வேண்டும். வகுப்பறையில் அமர்ந்திருக்கும் முதல் தலைமுறை மாணவருக்கு இது வெறும் திறனாய்வு முறை சார்ந்த விவாதம் அல்ல. தம் தாத்தாவைப் போன்ற ஒருவர் பாடநூலில் வரும்போது, அவர் சூழலாகப் படிக்கப்படுகிறாரா, மனிதராகப் படிக்கப்படுகிறாரா என்பதை அந்த மாணவர் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்.